அப்பா கொண்டுவந்த ஜாடியைச் செய்தது யார்?

கேள்வி: என் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1976 கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுற்றி ஒரு கண்ணாடி ஜாடி கொண்டுவந்தார். மால்டாவில் கப்பலைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தபோது வாங்கியது என்று சொன்ன ஞாபகம். ஒரு சாண் உயரம்தான், ஆனால் எடை 1 கிலோ 740 கிராம். வெளியே தெளிந்த கண்ணாடி, உள்ளே நீலமும் பச்சையும், கீழ்ப்பக்கம் மணல் நிறம். பெயரோ முத்திரையோ எங்கும் இல்லை. கொச்சியிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் "இது முரானோ" என்றார். பெயர் இருந்தால் இரண்டு மடங்கு விலை தருவாராம், பொறித்துத் தரவும் ஆள் இருக்கிறதாம். என் தம்பி மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, மைக்கேல் ஹாரிஸ் என்பவர் செய்தது என்கிறான். யார் சொல்வது சரி? அப்பா தந்த ஒரு சின்ன ஆஷ்ட்ரேயும் உண்டு. பகலில் இளம் ஊதா, ராத்திரி ட்யூப்லைட் போட்டால் வெளிறிய நீலம். அம்மா அதை ஷோகேஸில் வைக்கவே விடுவதில்லை. அதையும் பற்றிச் சொல்லுங்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, குளச்சல் பக்கம்

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பொறிக்கிற ஆளை வீட்டுப் படி ஏற விடாதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

இல்லாத பெயரைப் பொறித்து விற்பது மோசடி. அது போக, அந்த வேலை பலிக்கவும் செய்யாது. ஐம்பது வருஷம் அலமாரியில் இருந்த கண்ணாடியின் அடியில் மெல்லிய கீறல்கள் நாலா திசையிலும் ஓடியிருக்கும். பழைய கையெழுத்து என்றால் அந்தக் கீறல்கள் எழுத்தின் மேலும் ஓடியிருக்க வேண்டும். எழுத்து அவற்றை வெட்டிக்கொண்டு போனால், அது பின்னால் எழுதியது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் போதும், எந்த நகை ஆசாரியிடமும் இருக்கும். பழைய கீறலின் பள்ளத்தில் தூசி ஏறி மங்கியிருக்கும், புதுக் கீறல் உடைத்த கற்கண்டு மாதிரி வெள்ளையாய் மின்னும். இப்படிப் பெயர் ஏற்றிய ஒரு நல்ல கிண்ணம் என்னிடம் வந்தது. பெயர் இல்லாமல் வந்திருந்தால் மதிப்போடு திரும்பிப் போயிருக்கும்.

சரி, முரானோவா ஹாரிஸா என்ற வழக்குக்கு வருவோம். வியாபாரி கனத்தையும் நிறத்தையும் பார்த்துச் சொன்னார். தம்பி மகன் படத்தின் நிறத்தோடு ஜாடியின் நிறத்தை ஒப்பிட்டுச் சொன்னான். இரண்டு பேருமே நிறத்தைத்தான் நம்பினார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலைக்குப் போய், அந்த நிற ஜன்னல்களைப் பார்த்துவிட்டு "என்ன அழகான கண்ணாடி" என்று சொல்லி வருகிறவர்கள் எத்தனை பேர்! அது மைக்கா.

அதிலும் முரானோ என்பது ஓர் ஆளின் பெயரே அல்ல. வெனிஸ் அரசு 1291இல் தன் கண்ணாடி உலைகளையெல்லாம் கொண்டுபோய் வைத்த தீவு அது. இன்றும் அங்கே பட்டறை மேல் பட்டறை. ஈத்தாமொழித் தேங்காய் என்று சொன்னால் எந்த வீட்டுத் தென்னை என்று தெரியுமா? அந்த மாதிரிதான். பல பட்டறைகள் கையெழுத்துக்குப் பதில் காகித லேபிள்தான் ஒட்டின. லேபிள் உதிர்ந்ததும் பெயரும் போயிற்று. அதனால் கனமாய், நிறமாய், பெயரில்லாமல் எது கிடைத்தாலும் "முரானோ" என்று சொல்லிவிடுவது வியாபாரிகளுக்கு வசதியாகிவிட்டது.

நிறத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். ஒரு காலத்தில் கண்ணாடி உலை என்றால் தொழிற்சாலை. வரைகிறவர் காகிதத்தில் வரைவார், ஊதுகிறவர் வேறொருவர். 1962இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் என்ற பேராசிரியர், ஒரே கலைஞர் தன் சின்ன உலையில் தானே உருக்கித் தானே ஊத முடியுமா என்று ஒரு பயிலரங்கு நடத்திப் பார்த்தார். முதலில் கண்ணாடி சரியாக உருகவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடி ஆராய்ச்சியாளர், ஃபைபர்கிளாஸ் செய்யப் பயன்படும் கண்ணாடிக் கோலிகளைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் வேலை நடந்தது. அங்கிருந்துதான் 'ஸ்டுடியோ கண்ணாடி' என்ற வகை உலகமெங்கும் பரவியது. ஆனால் தனியாக ஊதுகிற கலைஞர் தனக்கு வேண்டிய ஒவ்வொரு நிறத்தையும் தானே காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. விற்பனைக்குக் கிடைக்கும் நிறக் கண்ணாடித் தண்டுகளை வாங்கி வெட்டிப் பயன்படுத்துவார். ஜெர்மனியில் காய்ச்சிய ஒரே நீலம் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பத்துப் பேர் ஜாடியில் இருக்கும். ஒரே கடையில் துணி எடுத்தவர்களெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஆவார்களா?

ஆக, என் கையில் ஒரு ஜாடி வந்தால் நான் முதலில் செய்வது அதைக் கவிழ்ப்பதுதான்.

ஊதுகிறவர் குழலின் நுனியில் கண்ணாடியைச் சுருட்டி எடுத்து, ஊதி உருவம் கொடுப்பார். வாய்ப்பக்கம் குழலில் ஒட்டியிருப்பதால் அதை விரிக்க முடியாது. அதனால் இன்னொரு இரும்புக் கம்பியின் நுனியில் கொஞ்சம் உருகிய கண்ணாடி வைத்து ஜாடியின் அடியில் ஒட்டுவார்கள். பிறகு குழலைத் தட்டி எடுத்துவிட்டு, வாயை மறுபடி உலையில் காட்டி விரிப்பார்கள். கடைசியில் கம்பியைத் தட்டி எடுத்தால் அடியில் ஒரு தழும்பு நிற்கும். கருவில் இருந்த பிள்ளைக்குத் தொப்புள் மாதிரி. தொழிலில் இதைப் பான்டில் என்பார்கள். அந்தத் தொப்புளை என்ன செய்தார் என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம். ஒருவர் உடைந்த சில்லோடு அப்படியே விடுவார். ஒருவர் சக்கரத்தில் குழியாகத் தேய்த்து வழுவழுப்பாக்குவார். ஒருவர் அடி முழுவதையும் தட்டையாக அரைத்துவிடுவார். இன்னொருவர் சூட்டோடு சூடாக அதன் மேல் முத்திரை அழுத்துவார். நிறத்தை யாரும் பார்த்துச் செய்யலாம். யாரும் பார்க்காத அடிப்பக்கத்தைப் பார்த்துச் செய்ய ஆள் குறைவு.

உங்கள் கடிதத்தில் நிறம் இருக்கிறது, எடை இருக்கிறது, அடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். உங்களுக்கு இது கைவந்த கலை, சாக்பீஸ்தான் வேண்டும். ஜாடியை மடியில் தடித்த துண்டு விரித்துக் கவிழ்த்து வையுங்கள். அடி நன்றாக உலர்ந்திருக்கட்டும். வெள்ளைச் சாக்பீஸ் தூளை விரலால் மெல்லத் தடவி, பருத்தித் துணியால் மேலாகத் துடைத்துவிடுங்கள். சாக்பீஸ் கண்ணாடியைவிட மிருதுவானது, கீறாது. ஊசிமுனையால் எழுதியது போன்ற கையெழுத்து இருந்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழுந்து வரும். பெயரே இல்லை என்று வீட்டார் சத்தியம் செய்த சாமான்களில் இப்படி எழுத்து வந்து நான் பார்த்திருக்கிறேன். பிறகு இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, கண்ணாடிமேல் வாயால் ஒரு ஊது ஊதிப் பாருங்கள். ஆவி படியும்போது, லேபிள் ஒட்டியிருந்த இடம் ஒரு சின்னச் சதுரமாகவோ வட்டமாகவோ தனித்துத் தெரியலாம். அந்த நிழல்கூட ஒரு சாட்சிதான், அளந்து குறித்துவையுங்கள்.

இதற்கு முன்னால் ஜாடியைக் கழுவ வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிண்ணத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அடியில் ஒட்டியிருந்தது எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்தேன். அரைமணி கழித்துத் தண்ணீரில் வெள்ளித்தாள் துணுக்குகள் மிதந்தன. பாதி எழுத்தோடு இருந்த லேபிள் அது. அந்தக் கிண்ணத்துக்கு இன்றுவரை பெயர் வைக்க முடியவில்லை.

அடுத்தது எடை. கனமாக இருந்தால் கிரிஸ்டல் என்று பலர் நினைக்கிறார்கள். தடியாக இருந்தால் எந்தக் கண்ணாடியும் கனக்கும். அடர்த்தியைப் பார்க்க வேண்டும். பத்துக் கிலோ வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்து, ஜாடி முழுகும் அளவு தண்ணீர் ஊற்றி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜாடியை நல்ல பருத்திக் கயிற்றால் தொட்டில் மாதிரி கட்டி, தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். உள்ளே காற்று நிற்கக்கூடாது. வாளியின் அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் ஜாடியின் கன அளவு. 1740ஐ அந்த எண்ணால் வகுத்துவிடுங்கள். தராசு 700 பக்கம் காட்டினால் விடை ஏறக்குறைய 2.5, சாதாரணச் சோடாக் கண்ணாடி. 580 பக்கம் காட்டினால் 3, அதாவது ஈயம் கலந்த கிரிஸ்டல். உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைய இருந்தால் விடை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஈரக் கண்ணாடி வழுக்கும், தம்பி மகனைக் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். 3 வந்தால் முரானோ என்ற பேச்சைப் பெரும்பாலும் மூட்டை கட்டிவிடலாம், அவர்களுடையது சோடாக் கண்ணாடி மரபு. 2.5 வந்தால் எதுவும் முடிவாகாது, உலகத்தில் பெரும்பாலான கண்ணாடி அதுதான்.

வாய் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மெழுகு உருகி நின்ற மாதிரி உருண்டு இருந்தால் உலையில் காட்டி முடித்தது. தட்டையாய், ஓரம் சுளீரென்று இருந்தால் ஆறிய பிறகு அறுத்துத் தேய்த்தது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நேர்க்கோடு தட்டுப்பட்டால் அச்சில் வார்த்தது அல்லது அச்சுக்குள் ஊதியது. அப்படியென்றால் தனிக் கலைஞர் என்ற எண்ணத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

இனி மால்டா. உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு சொல், வியாபாரியின் அனுபவம் முழுவதையும்விட எனக்குப் பெரிது. லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் கற்பித்துக்கொண்டிருந்த மைக்கேல் ஹாரிஸ், 1968இல் மால்டாவுக்குப் போய், தா காலி என்ற பழைய விமானத் தளத்தில் இம்டினா கிளாஸ் என்ற பட்டறையைத் தொடங்கினார். கடல் நீலம், பச்சை, மணல் நிறம், அதன் மேல் தடித்த தெளிந்த கண்ணாடி: பட்டறையின் அடையாளமே அதுதான். குளச்சல் கடற்கரையில் வளர்ந்த ஒருவருக்கு அந்த நிறங்கள் ஏன் பிடித்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, தம்பி மகன் பார்த்த படம் சும்மா இல்லை. முரானோவைவிட இது பத்து மடங்கு பொருந்துகிறது.

ஆனால் அவன் ஒரு படி தாண்டிவிட்டான். ஹாரிஸ் 1972இல் மால்டாவை விட்டுப் போய்விட்டார். 1973இல் இங்கிலாந்தின் வைட் தீவில் வேறொரு பட்டறை தொடங்கினார். இம்டினா பட்டறை அவர் இல்லாமலும் நின்றுவிடவில்லை. அவர் பழக்கிய ஆட்கள் அதே உருவங்களை, அதே நிறங்களில் தொடர்ந்து ஊதினார்கள். அப்பா 1976இல் கடையில் புதிதாக வாங்கியிருந்தால், ஹாரிஸ் அந்த ஊரை விட்டுப்போய் நான்கு வருஷம் ஆகியிருக்கும். 1971இல் வாங்கி வைத்திருந்து 1976இல் கொண்டுவந்தார் என்றால் கதை வேறு. அப்போதும்கூட அவர் ஊதினார் என்று ஆகாது, அவர் பட்டறையில் ஊதினார்கள் என்றுதான் ஆகும். அவர் தன் பெயரைக் கையால் எழுதிய ஜாடிகள் மிகக் குறைவு. பட்டறைச் சாமான்களில் வழக்கமாக இருப்பது ஊர்ப் பெயர்தான். சாக்பீஸ் தடவும்போது எம்-மில் தொடங்கி ஏ-யில் முடியும் ஐந்து ஆங்கில எழுத்து வருகிறதா என்று பாருங்கள். மாறாக, அடித் தழும்பின் மேல் தீச்சுடர் போன்ற வடிவம் அழுத்தியிருந்தால் அது ஹாரிஸின் வைட் தீவுப் பட்டறையில் செய்த ஜாடி. மால்டா என்ற ஞாபகத்தையே அப்போது மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்பாவின் சி.டி.சி. புத்தகம், அதாவது கப்பல் வேலைப் பதிவுப் புத்தகம், வீட்டில் இருக்கிறதா? கப்பல்காரர் வீட்டில் அதைத் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள். எந்தக் கப்பலில், எந்தத் தேதியில், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பது அதில் முத்திரையோடு இருக்கும். வழியில் நின்ற துறைமுகமெல்லாம் இருக்காது. ஆனால் 1972க்கு முன்பா பின்பா என்ற கேள்வியைக் குறுக்க அது போதும். அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருந்தால் இன்னும் நல்லது. தபால்தலையில் மால்டா இருக்கிறதா, தேதி முத்திரை என்ன என்று பாருங்கள். விற்கும்போது ஜாடியோடு இவற்றின் நகலும் போக வேண்டும்.

யார் செய்தது என்ற கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. யார் வடிவமைத்தது, எந்தப் பட்டறை, எந்தக் கை ஊதியது. மூன்றாவதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம். ஏலக்காரர்கள் இதற்கென்று படிப்படியாகச் சொல் வைத்திருக்கிறார்கள். வெறுமனே பெயர் மட்டும் போட்டால் அவரே செய்தது என்று பொறுப்பேற்கிறார்கள். 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் ஒரு படி கீழே. 'அவர் பட்டறை' இன்னொரு படி. 'அவர் பாணி' என்றால் யார் செய்தாரோ, பார்க்க அப்படி இருக்கிறது என்று பொருள். இன்றைய நிலையில் உங்கள் ஜாடிக்கு நான் எழுதிக்கொடுப்பது 'இம்டினா பட்டறையாக இருக்கலாம், 1970கள்' என்ற சீட்டுதான். கையெழுத்துள்ள வேறொரு ஜாடியின் அடி, விளிம்பு, அடுக்கு மூன்றும் உங்களுடையதோடு ஒத்துப்போனால் அந்த 'இருக்கலாம்' போய்விடும். படத்தில் மேல்பாகம் ஒத்துப்போவது கணக்கில் இல்லை. மால்டாவிலேயே பின்னாளில் வேறு பட்டறைகளும் தோன்றி, கிட்டத்தட்ட இதே நிறக் கலவையில் செய்திருக்கிறார்கள். உங்களுடையது 1976க்குள் வந்துவிட்டது என்று காட்ட முடிந்தால் அந்தக் குழப்பமும் குறையும்.

விற்பது உங்கள் விருப்பம். நூறு வருஷம் ஆகாததால் தொல்பொருள் சட்டப் பதிவெல்லாம் தேவையில்லை. கொச்சி வியாபாரி சொன்ன விலையை நான் கேட்கவில்லை. அடி பார்க்காமல் சொன்ன விலை, அவ்வளவுதான். வைத்துக்கொள்வதானால் அதில் பூவும் தண்ணீரும் போட்டு நாள்கணக்கில் விடாதீர்கள். கடினத் தண்ணீர் உள்ளே வெள்ளைப் படலமாகப் படிந்தால் எடுப்பது பெரும்பாடு. இரண்டு மழைக்காலமும் உப்புக் காற்றும் உள்ள ஊர் நம்முடையது. செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போடாமல், காற்றாடும் அலமாரியில் வைப்பதுதான் நல்லது.

ஆஷ்ட்ரே விஷயத்தில் அம்மா பயப்பட ஒன்றுமில்லை. அதில் நியோடிமியம் என்ற தனிமத்தின் ஆக்சைடு கலந்திருக்கிறது. வெயிலிலும் குண்டு பல்பிலும் ஊதாவாகவும், ட்யூப்லைட்டில் நீலமாகவும் தெரியும். ட்யூப்லைட் எல்லா நிற ஒளியையும் ஒரே சீராகத் தருவதில்லை, நியோடிமியம் மஞ்சளில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது, இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை இது. செக் நாட்டின் கார்லோவி வாரியில் உள்ள மோசர் நிறுவனம் 1920களில் இந்த நிறத்தைப் பிரபலமாக்கியது. பிறகு பலரும் செய்தார்கள். எனவே நிறத்தை வைத்து மோசர் என்று நான் சொல்லமாட்டேன், அதற்கும் அடியைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. நியோடிமியத்தை 1885இல் பிரித்தெடுத்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக் என்ற வேதியியலாளர். நம் தாத்தாக்கள் கல்யாண வீட்டில் ஏற்றிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலுக்கும் மூலவர் அவர்தான். அந்த மேன்டிலுக்கு வேண்டிய தோரியத்துக்காக மோனசைட் என்ற கனிமத்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார். மணல் வந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சியிலிருந்து. நியோடிமியமும் அதே மோனசைட்டில் இருக்கிறது. அந்த ஆஷ்ட்ரேயில் இருப்பது நம் மணல்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லி, வீட்டில் பழைய குண்டு பல்பு ஒன்று மிச்சமிருந்தால் அதையும் ட்யூப்லைட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள்.

ஜாடியின் அடியை மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: நேராக ஒன்று, டார்ச்சைச் சாய்த்து ஒன்று, சாக்பீஸ் தடவி ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்தால் அளவு தெரியும். வாய் விளிம்பும் ஒன்று. தராசு காட்டிய எண்ணையும் எழுதுங்கள்.